சொன்ன விலை

அந்தப் பொம்மைக்குத் தலை இல்லை, கழுத்தோடு முடிந்துவிடுகிறது, கையும் இல்லை, தோள் மட்டும் இருக்கிறது, அந்தத் தோளில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது, தாலிக்கயிற்று மஞ்சள் இல்லை, கடுகை அரைத்தால் வருகிற மஞ்சள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், பிடிச்ச துணியப் பாக்காதலே, பக்கத்துத் துணியப் பாரு என்று அக்கா சொல்கிறாள், நான் உடனே கண்ணைத் திருப்பிப் பக்கத்தில் தொங்குகிற பச்சைக் கோட்டைப் பார்க்கிறேன், அக்கா அங்கே இல்லை, அவள் சங்கரன்கோவிலில் இருக்கிறாள், நான் இத்தாலியில் மிலானைத் தாண்டி எங்கேயோ ஒரு தள்ளுபடிக் கடைத்தெருவில் இருக்கிறேன், ஆனாலும் துணிக்கடை வாசல் என்று ஒன்று வந்துவிட்டால் என் காதுக்குள் செண்பகக்கா வந்து உட்கார்ந்துகொள்வாள், ஐம்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு அந்தப் பொம்மை முன்னால் நான் இரண்டு தடவை நின்றேன், காலையில் ஒரு தடவை, மத்தியானம் போன் வந்த பிறகு ஒரு தடவை, முதல் தடவை தோளில் துணி இருந்தது, இரண்டாம் தடவை வெறும் தோள், இப்போது நினைத்தால் எது முதல், எது இரண்டாவது என்று குழம்புகிறது, துணி இருக்கிறது, இல்லை, மறுபடியும் இருக்கிறது, அக்கா குரல் மட்டும் இரண்டு தடவையும் கேட்டது.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு விசாலம் பிடித்த பிடியில் ஐரோப்பா டூர் கிளம்பினோம், விசாலம் என் மனைவி, எல்லாரும் போறாக, நாம மட்டும் குத்தாலத்தையே சுத்திக்கிட்டு இருக்கோம் என்றாள், சரி என்றேன். கோபுரம், பாலம், ஏரி என்று காட்டிவிட்டு டூர் மேனேஜர் ஒரு நாள் எங்களை அந்தக் கடைத்தெருவில் இறக்கிவிட்டார், பெரிய பெரிய கம்பெனிச் சரக்கு, போன வருஷத்து மாடல், பாதி விலை, கால் விலை, பொழுது சாய பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்றார். பஸ்ஸில் அதுவரை தூங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் எழுந்து செருப்பை மாட்டினார்கள். ஊர் மாதிரியே கட்டியிருந்தார்கள், கல் பாவிய தெரு, நடுவில் நீரூற்று, இரண்டு பக்கமும் மாடி வீடு, மாடியில் ஜன்னல், ஜன்னலில் பூந்தொட்டி, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஜன்னல்கள் திறக்காது, மாடிக்குப் படியே கிடையாது, வீடு என்று ஒன்றுமே இல்லை, கீழே கடை, மேலே பெயிண்ட். அக்கா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள், முகப்பப் பாத்து மயங்காதலே, உள்ள போய் முந்தியத் தடவிப் பாரு என்பாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் அந்தக் காலத்தில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் துணியைக் குவித்துப் போட்டு விற்பார்கள், வெளிநாட்டுக்குத் தைத்து, அவன் வேண்டாம் என்று தள்ளியது, அந்தக் குவியலுக்குள் அக்கா இறங்கினாள் என்றால் கடைக்காரனுக்கு முகம் சுருங்கிவிடும், துணியைக் கண்ணால வாங்கக் கூடாது, வெரலால வாங்கணும் என்பாள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தைப் பிடித்து உரசுவாள், கண் வேறெங்கேயோ இருக்கும், விரல் நகர்ந்து நகர்ந்து போய் ஓரிடத்தில் நிற்கும், நின்ற இடத்தில் இழை விட்டிருக்கும், கடைக்காரனுக்கே அது அப்போதுதான் தெரியும். பிறகு பேரம், அவன் சொன்னதில் பாதி கேட்பாள், கட்டாது என்றால் ஒன்றும் பேசாமல் காலை எடுத்து வெளியே வைப்பாள், திரும்பிப் பாக்கக் கூடாதுலே, அவனே கூப்பிடுவான், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று, எக்கா எக்கா, வாங்க, எடுத்துக்கோங்க என்று பின்னாலிருந்து குரல் வரும், வராமல் போனதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான், நானும் அக்காவும் கடைக்குள், கோமதிநாயகம் அத்தான் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், அக்கா பையோடு வந்ததும் எவ்வளவு சொன்னான், எவ்வளவுக்கு முடிச்ச என்று கேட்பார், அவள் சொல்வாள், அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார், வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சுத்தான்.

காலையில் நானும் அதைத்தான் செய்தேன். அந்த மஞ்சள் துணியை, சால்வை என்று சொல்ல வேண்டும், கேட்டேன், அந்தக் கடைப் பெண் சிரித்துக்கொண்டே சீட்டைக் காட்டினாள், ஒரு விலையை அடித்து, அதன் கீழே ஒரு விலை, அதையும் அடித்து சிவப்பில் ஒரு விலை, நான் அதற்கும் கீழே ஒன்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. விசாலத்துக்குப் புரிந்துவிட்டது, அவள் மெல்ல நகர்ந்து போய் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு வந்தவள் மாதிரி நின்றுகொண்டாள். நான் காலை எடுத்து வெளியே வைத்தேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், நீரூற்றுவரை போய்விட்டேன், யாரும் கூப்பிடவில்லை. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவது போலப் பாவனை செய்துவிட்டு, மானம் வெட்கத்தை விட்டு நானே திரும்பிப் போனேன், போய் அந்தப் பொம்மையின் தோளில் கிடந்த சால்வையின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உரசினேன், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டேன், விரல் நின்றது, ஓரத்தில் ஒரு இழை உருவியிருந்தது, நகம் நீளம்கூட இருக்காது. அதைக் காட்டினேன். அந்தப் பெண் உள்ளே போய் வயதான ஒருத்தியை அழைத்து வந்தாள், அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, மிஷினில் என்னவோ தட்டினாள், சிவப்பு விலைக்கும் கீழே ஒரு விலை வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சங்கரன்கோவில் வெயிலுக்குக் கம்பளியா, உங்க அக்கா இத எங்க போட்டுக்கிட்டுப் போவா என்று விசாலம் கேட்டாள், குத்தாலத்துக்குப் போட்டுக்கிடுவா என்றேன். அக்கா போட்டுக்கொள்ள வேண்டும் என்றா வாங்கினேன், அவள் விரலால் உரசிப் பார்க்க வேண்டும், அந்த இழையில் வந்து நிற்க வேண்டும், எவ்வளவு சொன்னான் என்று கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விலையை மட்டும் போனில் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனதும், சட்டைப்பையில் போன் துடித்ததும் ஒன்றாக இருக்கிறது.

அக்கா மகன் கோகுல், மாமா என்றான், என்னடா என்றேன், அப்பா போயிட்டாக மாமா என்றான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் காப்பிக்கு எழுப்பப் போனால் எழவில்லை. நீரூற்றில் தண்ணீர் மேலே போய்க் கீழே விழுகிறது, பெண்கள் பெரிய பெரிய காகிதப் பைகளோடு போகிறார்கள், ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு அழுகிறது, நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோகுல் பேசிக்கொண்டிருக்கிறான், நீங்க எப்படியும் எடுக்குறதுக்கு முன்னால வர முடியாது மாமா, காரியத்துக்கு வந்துருங்க, கோடி போடணும்லா என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மா அழவே மாட்டேங்கா மாமா, சித்தியெல்லாம் கட்டிப்பிடிச்சு அழுதாக, அம்மா அடுப்புல பால் இருக்கு, பொங்கிரும், யாராச்சும் பாருங்கங்கா, பயமா இருக்கு என்றான். அக்காவிடம் கொடு என்றேன், கொடுத்தான், அந்தப் பக்கம் மூச்சு கேட்டது, அக்கா என்றேன், ம் என்றாள், வாரேன்க்கா என்றேன், ம் என்றாள், அவ்வளவுதான். கண்ணீர் எனக்குத்தான் வந்தது, கடைத்தெரு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன், விசாலம் ஓடி வந்தாள்.

கோடி என்றால், புருஷனை இழந்தவளுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுத்துணி, உடன்பிறந்தவன் கொண்டுபோய் அவள் மேல் போட வேண்டும், உனக்கு இன்னும் பிறந்த வீடு இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்வது அது, எங்கள் வீட்டில் அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்றால் அது நான் ஒருத்தன்தான். அதற்கு முறை உண்டு, புதுசாக இருக்க வேண்டும், ஊசி படாததாக இருக்க வேண்டும், பேரம் பேசக் கூடாது, கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவனும் கோடிக்கு என்று தெரிந்தால் வாங்க, உட்காருங்க, மறுபடியும் வாங்க என்று ஒன்றும் சொல்ல மாட்டான், தலையைக் குனிந்து காசை வாங்கிக்கொள்வான். அப்பா இறந்தபோது அம்மாவுக்கு மாமா கொண்டுவந்த கோடியின் விலையை மாமா யாரிடமும் சொல்லவில்லை, பேரத்தில் சூரப்புலியான அக்காகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஊருக்குப் போய் டவுனில் சேலை எடுத்துக்கொள்ளலாம் என்றும் தெரியும், விசாலம் அதைத்தான் சொன்னாள், ஆனால் என் கையில் ஒரு பை இருந்தது, பைக்குள் அக்காவுக்கென்று எடுத்த துணி, அந்தத் தெரு முழுக்கத் தைத்த துணிதான், கோட்டு, சட்டை, கவுன், ஊசி படாத துணி என் கையில் இருந்த அது ஒன்றுதான், அத்தான் கடைசி மூச்சு விட்ட நேரத்தில் நான் அதற்கு விலை குறைத்துக்கொண்டிருந்தேனோ என்று ஒரு எண்ணம் வந்தது, மணிக் கணக்கு போடப் போடப் பிடிபடவில்லை, அங்கே மத்தியானம் என்றால் இங்கே காலை, இங்கே காலை என்றால், எனக்குத் தெரியவில்லை, இனி இது வெறும் சால்வை இல்லை, இதற்கு விலை குறைத்தது தப்பு, குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு என்றாள் விசாலம். நான் போனேன்.

பொம்மையின் தோள் வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள், என் முகம் அப்படி இருந்திருக்கும். பையிலிருந்து சால்வையை எடுத்து மேசையில் வைத்து, சீட்டில் அடித்திருந்த முதல் விலையை விரலால் தொட்டுக் காட்டி, இந்த விலையை வாங்கிக்கொள் என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறீர்களா, பொம்மையில் இருந்த துணியைத் திரும்ப வாங்க மாட்டோமே என்றாள். இல்லை, முழு விலை, முழு விலை என்றேன். தள்ளுபடி இன்னும் வேண்டுமா என்றாள். அந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் வந்தாள், அவளிடம் அக்கா, அக்கா புருஷன், செத்துட்டார், துணி என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன், அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள், அவளுக்குச் சாவு புரிந்தது, விலைதான் புரியவில்லை, மிஷின் பக்கம் போய் இரங்கலுக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள், வேண்டாம் வேண்டாம் என்று நான் கையைப் பிடிக்காத குறை. வாழ்நாள் முழுக்கக் குறைக்க மாட்டேன் என்றவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், குறைத்தே தீருவேன் என்கிறவளோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று அக்கா எனக்குச் சொல்லித்தரவில்லை. அதற்குள் அந்தப் பெண் சால்வையை எடுத்து, மெல்லிய தாளில் மடித்து, பெட்டியில் வைத்து, நாடா கட்டி, நாடாவில் பூப்போல ஒரு முடிச்சும் போட்டுவிட்டாள், பரிசுக்குத்தானே என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது. பெட்டியை எடுத்துக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த நோட்டுகளை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, காலை எடுத்து வெளியே வைத்தேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், அப்போது பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள், சார், சார் என்று, அந்தப் பெண் குதிகால் செருப்போடு கல் தெருவில் தடதடவென்று ஓடி வருகிறாள், நான் மறந்து வைத்துவிட்டேன் என்று நோட்டுகளை என் கையில் திணித்து, என் விரல்களை மூடிவிட்டு, மறுபடியும் வாங்க என்கிறாள். அவனே கூப்பிடுவான்லே என்று அக்கா சொன்னதுதான், கூப்பிட்டார்கள்.

கோடித்துணியை மற்றப் புதுத்துணிகளோடு வைக்கக் கூடாது என்று விசாலம் சூட்கேஸில் இடம் தரவில்லை, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கின சட்டையெல்லாம் அதில் இருக்கிறது, நீங்க கையிலேயே வச்சுக்கோங்க என்றாள், டிக்கெட்டை மாற்ற முடியாது என்று டூர் மேனேஜர் சொல்லிவிட்டார், டூர் முடிகிறவரைக்கும் அந்த நாடா கட்டின பெட்டி என் மடியில்தான் இருந்தது, ஏரியில், ரயிலில், பனிமலையில், கூட வந்தவர்கள் யாருக்குச் சார் பரிசு என்று கேட்டார்கள். விமானத்திலும் மடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன், அல்லது தூங்கவில்லை, அந்தக் கல் தெருவில் அத்தான் ஸ்கூட்டரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார், வேர்க்கடலைத் தோலைக் கீழே போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், மாடிக்குப் படி இல்லை அத்தான் என்கிறேன், தெரியும் மாப்ள, உங்க அக்கா இன்னும் உள்ளதான் இருக்கா, வருவா என்கிறார், எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அத்தான், நீங்க, என்று ஆரம்பிக்கிறேன், அவர் ஒரு கடலையை என் கையில் வைத்து, எவ்வளவுக்கு முடிச்ச என்று கேட்கிறார். அத்தானுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று ஊருக்கே தெரியும், குடை வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நிற்பார், அக்கா எவ்வளவு சொன்னான் என்பாள், அவர் சொல்வார், அதுக்கே எடுத்தீகளாக்கும் என்பாள், ஆமா என்பார், இப்படி ஏமாந்துட்டு வந்து நிக்கீகளே என்று ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடுவரை ஓடும், அத்தான் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன், கடிகாரப் பட்டை வாங்கினார், கடைக்காரனைச் சிரிக்கச் சிரிக்கப் பேசி, அக்காவே கேட்டிருக்க மாட்டாள், அவ்வளவு குறைத்து வாங்கினார், நான் வாயைப் பிளந்தேன், டீக்கடையில் வைத்துச் சொன்னார், வீட்ல சொல்லிராத மாப்ள, சொன்ன வெலைக்கே எடுத்தேன்னுதான் சொல்லுவேன், என்னைத் திட்டாட்டி அவளுக்குச் சோறு எறங்காது, எனக்கும் எறங்காது.

ஊர் வந்து சேர்ந்து, டவுனில் இறங்கி, விலை குறைத்தது கோடிக்கு ஆகாது என்று முறைப்படி ஒரு சேலை எடுத்தேன், இப்போதெல்லாம் வெள்ளை எடுப்பதில்லை, நல்ல காப்பிப்பொடி நிறம், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார், நானும் வாரேன் என்று சொல்லாமல் படியிறங்கினேன், அந்தக் கடையில்தான் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. நாடா கட்டின பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, சால்வையையும் அதே பையில் வைத்தேன், அக்காவிடம் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம், என்றாவது, எல்லாம் ஆறிய பிறகு. காரியத்தன்று சங்கரன்கோவிலில் வீடு நிறையக் கூட்டம், அக்காவைச் சுவரோரம் மணையில் உட்காரவைத்து முக்காடு போட்டிருக்கிறார்கள், முகம் தெரியவில்லை, தலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, தோள் மட்டும் தெரிகிறது, நான் மறுபடியும் அந்தக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது போல நிற்கிறேன், அம்மா இன்னும் அழல மாமா என்று கோகுல் என் தோளருகே சொல்கிறான், இத்தனை நாளும், எடுக்கிறபோதும், சாம்பல் கரைத்தபோதும் அழவில்லையாம், பாலையும் அடுப்பையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாளாம். பிறந்த வீட்டுக் கோடி எங்கப்பா, முன்னால வாங்க என்று யாரோ சொல்கிறார்கள். நான் பைக்குள் கையை விட்டேன், என் கை எதை எடுத்தது என்று துணி அவள் தோளில் விழுந்த பிறகுதான் பார்த்தேன், கடுகு மஞ்சள். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், கம்பளியால்லா இருக்கு என்று ஒரு கிழவி சொன்னாள், விசாலம் என் முழங்கையைக் கிள்ளினாள், எடுத்துவிடலாமா, எடுக்கலாமா, போட்ட கோடியை எடுப்பார்களா, பைக்குள் சேலை இருக்கிறது, என் கை அந்தரத்தில் நிற்கிறது.

முக்காட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கை வந்தது, வளையல் இல்லாத கை, தோளில் கிடந்த துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசின, மெல்ல, ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து போயின, நின்றன. இழை விட்ட இடம். நான் குனிந்தேன். ஏல, எவ்வளவு சொன்னான், என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கிற குரலில். சொன்னேன், அடித்துவிட்டிருந்தார்களே, அந்த முதல் விலை. அதுக்கே எடுத்தியாக்கும். சொன்ன வெலைக்கே எடுத்தேன்க்கா. விரல் அந்த இழையிலேயே இருந்தது, பிறகு, இப்படி ஏமாந்துட்டு வந்து நிக்கீகளே என்றாள், நிக்கியே என்று சொல்லவில்லை, நிக்கீகளே என்றாள், சொன்னதும் அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், மஞ்சள் துணிக்குள் அந்தத் தோள் ஒரு தடவை குலுங்கியது, பிறகு குலுங்கிக்கொண்டே இருந்தது, முக்காடு நழுவி முகம் வெளியே வந்தது, அக்கா அழுதாள்.